ஃபார்ம் போன ரிமோட் கார் டிரைவரும் 1897-ன் தந்தி ஆபரேட்டரும்

1/
ரிமோட் கார் ரேஸ்னு ஒண்ணு இருக்கு தெரியுமா? கடையில வாங்கி ரெண்டு நாள்ல உடையற பொம்மையைச் சொல்லலைங்க. நிஜக் காரை 10-ல் ஒரு பங்கு, 8-ல் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கி, ஷாக் அப்சார்பர், டிஃபரென்ஷியல் எல்லாம் வச்சு ஓட்டுற விளையாட்டு. உலக சாம்பியன்ஷிப்பே நடக்குது. இதுல ஒரு பழைய வியாதி உண்டு. அந்த வியாதியோட வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
வியாதியோட பேரு: ஃபார்ம் போறது. போன மாசம் வரைக்கும் முதல் மூணு இடத்துக்குள்ள வந்தவர். அதே கார், அதே டிராக், அதே விரல்கள். ஆனா இப்போ லேப்புக்கு ஒரு தடவை சுவத்துல முட்டுறார். என்ன ஆச்சுன்னு அவருக்கே புரியல.

3/
உடனே என்ன செய்வார்? டயரை மாத்துவார். ஷாக் ஆயிலை மாத்துவார். ஜெயிச்சவர்கிட்ட போய் அவர் செட்டிங்கை அப்படியே வாங்கிப் போடுவார். அதுவும் சரிவரலைன்னா ராத்திரி பகலா பிராக்டிஸ். கடைசியில காரை வித்துட்டு வெளியே போயிடுவார்.

4/
ஒரு மருத்துவரா எனக்கு இது பழக்கமான காட்சி. காய்ச்சல்னு வந்தவருக்குக் காரணம் பார்க்காம மருந்து கொடுக்கிற மாதிரி. காய்ச்சல் ஒரு அறிகுறி. அது டெங்குவா இருக்கலாம், டைஃபாய்டா இருக்கலாம், சாதாரண வைரஸா இருக்கலாம். ஃபார்ம் போறதும் அறிகுறிதான். அதுக்குப் பின்னாடி குறைஞ்சது நாலு காரணங்கள் உண்டு.

5/
சுவாரசியம் என்னன்னா, இந்த நாலையும் கண்டுபிடிச்சவங்க யாரும் ரிமோட் காரைத் தொட்டவங்க இல்ல. அதுல மூணு, கடையில முதல் ரிமோட் கார் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வச்சாச்சு. வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

6/
முதல்ல விளையாட்டோட சுருக்கமான வரலாறு. 1898-ல் நியூயார்க்ல நிகோலா டெஸ்லா ஒரு குட்டிப் படகை ரேடியோ அலையால ஓட்டிக் காட்டினார். 1966-ல் இத்தாலியோட எல்-ஜி நிறுவனம் ரேடியோவுல ஓடுற ஃபெராரி காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1976-ல் ஜப்பானோட தமியா, போர்ஷ 934 மாடலை மின்சார மோட்டார் வச்சு விட்டது. 1984-ல் கலிஃபோர்னியாவுல இருந்து ஆர்.சி.10 வந்த பிறகு, மண் டிராக் ரேஸே வேற லெவலுக்குப் போச்சு.

7/
இந்த விளையாட்டோட பெரிய பேரு ஜப்பானோட மசாமி ஹிரோசாகா. 14 தடவை உலக சாம்பியன். அவரும் ஓட்டின எல்லா ரேஸையும் ஜெயிக்கல. ஆனைக்கும் அடி சறுக்கும்.

8/
இதுல அப்படி என்ன கஷ்டம்? நிஜக் கார்ல டயர் வழுக்கினா டிரைவரோட முதுகுக்கும் இடுப்புக்கும் முதல்ல தெரியும். இங்க உடம்பு காருக்குள்ள இல்ல. உயரமான மேடையில நின்னு கண்ணால மட்டும் பார்த்து விரலால ஓட்டணும். அதுவும் கார் நம்மள நோக்கி வரும்போது இடது வலது தலைகீழாயிடும். புதுசா ஓட்டுறவங்க முட்டுறது பெரும்பாலும் அந்த இடத்துலதான்.

9/
பழகினவங்களுக்கு? மூளை அதைத் தானா திருப்பிக்கும். யோசிக்கவே வேண்டாம். இந்த ‘தானா’ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. கதை முழுக்க அதுதான் ஹீரோ, அதுதான் வில்லன்.

10/
காரணம் 1: உண்மையில ஃபார்ம் போகவே இல்ல.

1886-ல் இங்கிலாந்துல ஃபிரான்சிஸ் கால்ட்டன் 205 ஜோடி பெற்றோர், வளர்ந்த அவங்க பிள்ளைகள் 928 பேரோட உயரத்தை அலசினார். ரொம்ப உயரமான பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளும் உயரம்தான், ஆனா சராசரியா அந்த அளவுக்கு இல்ல. ரொம்பக் குள்ளமானவங்க பிள்ளைகள் அந்த அளவுக்குக் குள்ளம் இல்ல. ரெண்டு பக்கமும் சராசரியை நோக்கி நகருது.

11/
இதை ரேஸுக்குப் பொருத்திப் பாருங்க. போன மாசம் அவர் ஜெயிச்சதுல திறமை பாதி, மீதி அன்னைக்கு அமைஞ்சது. முன்னாடி போன ரெண்டு பேர் முட்டிக்கிட்டாங்க, டயருக்கு ஏத்த ஈரம் இருந்தது. அடுத்த மாசம் அந்த அதிர்ஷ்டம் வராது. அவர் தன்னோட வழக்கமான இடத்துக்குத் திரும்புறார். அதைத்தான் சறுக்கல்னு நினைச்சு காரைப் பிரிச்சுப் போடுறார்.

12/
உளவியலாளர் டேனியல் கானமன் (2002-ல் பொருளாதார நோபல் வாங்கினவர்) இஸ்ரேல் விமானப்படை பயிற்சியாளர்களுக்குப் பாடம் எடுத்தப்போ ஒருத்தர் எழுந்து சொன்னாராம்: பையன் நல்லா ஓட்டினான்னு பாராட்டினா அடுத்த தடவை சொதப்புறான், திட்டினா அடுத்த தடவை நல்லா ஓட்டுறான். அதனால திட்டுறதுதான் வேலை செய்யுதுன்னு.

13/
கானமனுக்குப் பொறி தட்டினது அங்கதான். திட்டினாலும் திட்டாட்டியும் ரொம்ப மோசமான ஓட்டத்துக்கு அடுத்தது சுமாரா வரத்தான் போகுது. ரொம்ப நல்ல ஓட்டத்துக்கு அடுத்தது கொஞ்சம் குறையத்தான் போகுது. திட்டு தனக்குச் சம்பந்தமில்லாத வெற்றிக்குப் பேர் வாங்கிக்குது. டிராக் ஓரத்துல நின்னு பிள்ளையைக் கத்துற அப்பாக்கள் இதை ரெண்டு தடவை படிக்கணும். மார்க் ஷீட்டைப் பார்த்துக் கத்துறவங்களும்தான்.

14/
காரணம் 2: மூளை மேல்மாடி கட்டிக்கிட்டு இருக்கு.

1897. அமெரிக்காவுல இண்டியானா பல்கலைக்கழகம். வில்லியம் லோ பிரையன்னு ஒரு உளவியலாளர், தந்தி வேலை தெரிஞ்ச நோபிள் ஹார்ட்டர்னு ஒரு மாணவர். தந்தி கத்துக்கிறவங்களோட வேகத்தை வாரா வாரம் அளந்து வரைபடம் போட்டாங்க. டெஸ்லா படகு விட்டதுக்கு முந்தின வருஷம்!

15/
தந்தி அனுப்புற வேகம் சீரா ஏறுச்சு. ஆனா வர்ற தந்தியைக் காதால கேட்டு எழுதுற வேகம் ஏறி, நடுவுல வாரக்கணக்கா அப்படியே நின்னுச்சு. அதுவும் வேலையில சேரத் தேவையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழேயே. எவ்வளவு பயிற்சி செஞ்சாலும் கோடு படுத்தே கிடக்கும். அந்த இடத்துல மனசு விட்டுப் போனவங்க பல பேர். தாண்டினவங்களுக்கு கோடு மறுபடி ஏறுச்சு.

16/
ரெண்டாவது கட்டுரை 1899-ல். விளக்கம் இதுதான்: முதல்ல ஒவ்வொரு எழுத்தா கேட்கிறோம். அது தானா வர ஆரம்பிச்சதும் முழு வார்த்தையா கேட்கிறோம். பிறகு வாக்கியமா. கீழ்த்தளம் முழுசா தானா ஆகிற வரைக்கும் மேல்தளத்துக்குக் கவனம் மிச்சம் இருக்காது. வெளியே பார்த்தா முன்னேற்றம் பூஜ்யம். உள்ளே வேலை நடந்துக்கிட்டே இருக்கு.

17/
ஒரு நேர்மையான குறிப்பு. 1958-ல் ஃபிரெட் கெல்லர், இந்த சமவெளி எல்லாருக்கும் கட்டாயம் வரும்ங்கிறது உண்மை இல்லைன்னு எழுதினார். இரண்டாம் உலகப் போர்ல ராணுவ ஆட்களுக்கு மோர்ஸ் சொல்லிக் கொடுக்கும் முறையை உருவாக்கினவர் அவர். ஆக, தேக்கம் விதி இல்ல. ஆனா வந்தா, அது திறமை தீர்ந்துபோச்சுங்கிறதுக்குச் சாட்சியும் இல்ல.

18/
ரேஸ்ல இது எப்போ வரும்? புது கிளாஸுக்கு மாறும்போது. துப்பாக்கி மாதிரி பிடிக்கிற டிரான்ஸ்மிட்டர்ல இருந்து ரெண்டு குச்சி டிரான்ஸ்மிட்டருக்கு மாறும்போது. வளைவுக்குள்ள போற கோட்டை மாத்தும்போது. பழைய பழக்கம் பாதி கலைஞ்சிருக்கும், புதுசு இன்னும் ஊறியிருக்காது. இந்த நேரத்துல பழைய முறைக்கே ஓடிப் போயிட்டா ரெண்டும் கெட்டான் ஆயிடும்.

19/
காரணம் 3: உடம்பு.

அதே தந்தி ஆபரேட்டர்கள்ல சிலருக்கு வேற பிரச்சினை. தந்திக் கட்டையைத் தொட்டதும் கை இழுத்துக்கும். பேனா பிடிச்சா சரியா இருக்கும், சாப்பிடும்போது சரியா இருக்கும், தந்தி அடிக்கும்போது மட்டும் வராது. 1908-ல் பிரிட்டன் இதை இழப்பீடு தரவேண்டிய தொழில்நோய்கள் பட்டியல்ல சேர்த்தது. ‘டெலிகிராஃபிஸ்ட்ஸ் கிராம்ப்’னு பேரு.

20/
இன்னைக்கு இந்த வகையை ஃபோக்கல் டிஸ்டோனியான்னு சொல்றோம். குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் மூளை தசைக்குத் தவறான கட்டளை கொடுக்கிற நிலை. எழுத்தாளர்கள், பியானோ வாசிக்கிறவங்க, கோல்ஃப் ஆடறவங்கன்னு, ஒரே நுண்ணிய அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்றவங்களுக்கு வரும். அபூர்வம்தான், ஆனா உண்டு. இதுக்கு ‘இன்னும் நல்லா பிராக்டிஸ் பண்ணு’ன்னு சொல்றது சுளுக்கின கால்ல ஓடச் சொல்ற மாதிரி.

21/
காரணம் 4: ‘தானா’ நடக்கிறதை மனசு பிடுங்கிக்குது.

அமெரிக்க பேஸ்பால்ல ஸ்டீவ் பிளாஸ்னு ஒரு பந்துவீச்சாளர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி. 1971 வேர்ல்ட் சீரீஸ்ல ரெண்டு ஆட்டத்தை ஜெயிச்சுக் கொடுத்தார், அதுல ஒண்ணு கடைசி ஏழாவது ஆட்டம். 1972-ல் 19 வெற்றி, 8 தோல்வி.

22/
1973-ல் 3 வெற்றி, 9 தோல்வி. பந்து இலக்குக்கே போகல. 89 இன்னிங்ஸ்கூட வீசல, அதுக்குள்ள 84 பேட்டர்களை வாக் ஆக விட்டார். உடம்புல எந்தக் காயமும் கண்டுபிடிக்க முடியல. 1975-ல் ஆட்டத்தையே விட்டுட்டார். இன்னைக்கும் அங்க காரணம் தெரியாம கட்டுப்பாடு போனா ‘ஸ்டீவ் பிளாஸ் டிசீஸ்’னுதான் சொல்றாங்க.

23/
பிளாஸுக்குள்ள என்ன நடந்ததுன்னு யாராலும் உறுதியா சொல்ல முடியல. ஆனா பின்னாடி வந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைக் காட்டின. கைதேர்ந்தவங்களை, தன் அசைவை ஒவ்வொரு படியா கவனிச்சு செய்யச் சொன்னா, சொதப்புறாங்க. சியான் பைலாக் குழு 2000-களின் தொடக்கத்துல கோல்ஃப், கால்பந்து ரெண்டுலயும் இதைப் பார்த்தாங்க. மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால் முதல்லன்னு யோசிச்சுப் பாருங்க, புரியும்.

24/
ரேஸ் மேடையில இதுதான் தினமும் நடக்குது. ரெண்டு வாரம் சொதப்பினவர், மூணாவது வாரம் தன் கட்டை விரலையே கண்காணிக்க ஆரம்பிக்கிறார். அட்ரினலின் ஏறுது. எல்லார் கையிலும் இயல்பாவே இருக்கிற நுண் நடுக்கம் (வினாடிக்கு 8 முதல் 12 தடவை) அதிகமாகுது. கை நடுங்குறதைப் பார்த்து பயம் கூடுது. பயத்தால நடுக்கம் கூடுது. வட்டம் பூர்த்தி.

25/
சரி டாக்டர், வெளியே வர வழி? காரணத்துக்கு ஏத்த மருந்துதான்.

முதல்ல நோட்டுப் புத்தகம். ஒரு ரேஸை வச்சு முடிவெடுக்காதீங்க. கடைசி 10 ரேஸோட லேப் நேரங்களை எழுதுங்க. சராசரி மாறவே இல்லைன்னா உங்களுக்கு வியாதியே இல்ல. போய் டீ குடிங்க. டீயும் காபியும் நடுக்கத்தைக் கூட்டும், அதனால ரேஸுக்கு அப்புறம் குடிங்க.

26/
ரெண்டாவது, ஒரு கணக்கு. 5 நிமிஷ ரேஸ்ல 20 வினாடிக்கு ஒரு லேப்னு முட்டாம ஓட்டினா 15 லேப், 300 வினாடி. இன்னொருத்தர் 19.5 வினாடி லேப், ஆனா ரெண்டு தடவை முட்டி, மார்ஷல் வந்து காரைத் தூக்கி வைக்க தலா 6 வினாடி. அவருக்கு அதே 15 லேப்புக்கு 292.5 + 12 = 304.5. மெதுவா போனவர் ஜெயிச்சார். ஃபார்ம் போன நேரத்துல ஒரே குறிக்கோள்: முட்டாம முடிக்கிறது. வேகம் பின்னாடியே வரும்.

27/
மூணாவது, காரை அடிப்படை செட்டிங்குக்குத் திருப்புங்க. அதுக்கப்புறம் ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். டயர், ஸ்பிரிங், ஆயில் மூணையும் சேர்த்து மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரே நாள்ல மூணு மருந்து மாத்தாதீங்கன்னு நோயாளிங்ககிட்ட சொல்றதும் இதே காரணத்துக்குத்தான்.

28/
நாலாவது, கவனத்தை விரல்ல இருந்து வெளியே எடுங்க. கேப்ரியேல் வுல்ஃப் குழு 1998-ல் பனிச்சறுக்கு பயிற்சிக் கருவியில ஆய்வு செஞ்சாங்க. தன் பாதத்தைக் கவனிச்சவங்களைவிட, கருவியோட சக்கரத்தைக் கவனிச்சவங்க நல்லா கத்துக்கிட்டாங்க. காருக்கு அடுத்த வளைவு எங்கேன்னு பாருங்க. கட்டை விரலை அதோட போக்குல விடுங்க.

29/
அஞ்சாவது, பயிற்சியைச் சின்னச் சின்ன பகுதியா பிரிங்க. நடுவுல ஓய்வு, ராத்திரி நல்ல தூக்கம். பழகின அசைவுகளை மூளை தூக்கத்துலயும் கெட்டிப்படுத்துது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டிராக்ல நிக்கிறது பயிற்சி இல்ல, தண்டனை.

30/
எப்போ மருத்துவரைப் பார்க்கணும்? டிரான்ஸ்மிட்டர் பிடிச்சா மட்டும் விரல் சுருண்டுக்குதா? ராத்திரி விரல் மரத்துப்போய் முழிப்பு வருதா? சும்மா இருக்கும்போதும் கை நடுங்குதா? எடை குறையுது, படபடப்பு இருக்கா (தைராய்டு)? டிராக் விளக்கைச் சுத்தி ஒளிவட்டம் தெரியுதா (கண்)? ரேஸ் மட்டும் இல்லாம எதுலயுமே ஆர்வம் போயிடுச்சா? இதுல ஒண்ணு இருந்தாலும் டயர் வாங்குற காசுல முதல்ல ஒரு பரிசோதனை.

31/
இன்னொண்ணு. நடுக்கத்துக்குன்னு யாரோ கொடுத்த பீட்டா பிளாக்கர் மாத்திரையை நீங்களா போடாதீங்க. ஆஸ்துமா இருந்தா ஆபத்து. துப்பாக்கி சுடுதல், வில்வித்தை மாதிரி போட்டிகள்ல அது தடை செய்யப்பட்ட மருந்தும்கூட.

32/
1897-ல் அந்தத் தந்திப் பள்ளிகள்ல எத்தனை பேர், கோடு ஏறப்போற வாரத்துக்கு முந்தின வாரம் வேலையை விட்டுப் போயிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்க்கிறேன். அவங்களுக்கு வரைபடத்தை யாரும் காட்டல. நமக்கு இருக்கு. அதனால காரை விக்கிறதுக்கு முன்னாடி, பிள்ளையைத் திட்டுறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு கேள்வி: நாலு காரணத்துல இது எது?

விடை தெரிஞ்ச பிறகும் விடணும்னு தோணுச்சுன்னா தாராளமா விடுங்க. அது உங்க முடிவு. தெரியாம விடாதீங்க.