கடல் கடந்த உறவினரும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறும்



தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பல குடும்பங்களில் ஒரு 'மலாயாத் தாத்தா' உண்டு. சினந்து வீட்டைவிட்டுக் கப்பலேறியவர் என்பார் ஒருவர். உத்தியோகம் பார்க்கப் போய்ப் பெரும்பொருள் ஈட்டியவர் என்பார் மற்றொருவர். போனவர் போனவரே, பிறகு கடிதமே இல்லை என்று பெருமூச்செறிவார் வேறொருவர். குடும்பத்தார் அவரைத் துணிந்தவராக நினைவுகூர்கின்றனர். அரசு ஏடுகளிலோ அவர் ஓர் எண்ணாகவே நிற்கிறார். இவ்விரண்டுக்கும் இடையில் அந்த மனிதரைத் தேடிக் காண்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

இருப்புப்பாதை வழி வந்தவர்

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886ஆம் ஆண்டு செப்டம்பரில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன்னர்ச் சரக்குகள் ஆற்றில் படகேறி, டாமன்சாராவில் இறங்கி, மாட்டுவண்டியில் கோலாலம்பூர் சேர்ந்தன. ஈயத்தை ஏற்றுமதி செய்யவே பாதை போடப்பட்டது. ஆனால், பாதையைப் போட உடலுழைப்பாளரும், அதை நடத்த எழுத்தரும் நிலைய அதிகாரியும் தந்தி அனுப்புநரும் வேண்டியிருந்தனர். உடலுழைப்பாளர் தமிழகத்திலிருந்து வந்தனர். எழுத்தர் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தனர்.

யாழ்ப்பாணத்தார் வந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. 1823இல் வட்டுக்கோட்டைக் குருமடம் தொடங்கிய காலம் முதலாக அங்கு ஆங்கிலக் கல்வி வேரூன்றியிருந்தது. கற்றோர் பெருகிய அளவிற்கு ஊரில் வேலை பெருகவில்லை. அவ்வேளையில் மலாயாவின் பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும், இலங்கையில் முன்னர்ப் பணியாற்றிய ஆங்கில அதிகாரிகள் பொறுப்பேற்றனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர். இலங்கைப் பொதுப்பணித் துறையிலிருந்து சிலாங்கூருக்கு வந்த இவர், 1901இல் கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வேக்குப் பொது மேலாளரானார். தாம் அறிந்த யாழ்ப்பாண எழுத்தரை அவர் விரும்பி அழைத்ததில் வியப்பில்லை.

அவர்கள் குடியேறிய இடங்களுள் முதன்மையானது பிரிக்பீல்ட்ஸ். கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகள் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தபின், செங்கற் கட்டடங்கள் எழுந்தபோது, செங்கற் சூளைகள் நிறைந்திருந்த பகுதி இது. பின்னர் இரயில்வே பணிமுற்றமும் ஊழியர் குடியிருப்புகளும் இங்கு அமைந்தன. வந்தவர்கள் தனித்து வாழவில்லை. ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை எழுப்பினர். 1904இல் விவேகானந்தர் பெயரால் ஓர் ஆசிரமத்தை நிறுவினர். உத்தியோகம் முடிந்து ஊர் திரும்பியவர் 'மலாயன் பென்சனியர்' என்று அழைக்கப்பட்டார். குடாநாட்டில் அவர் கட்டிய கல்வீடே அவருடைய வாழ்க்கை வரலாறாயிற்று. அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த இரவுப் பணிகளையும் மலேரியாக் காய்ச்சலையும் தனிமையையும் வீடு சொல்வதில்லை.

கங்காணி வழி வந்தவர்

இரண்டாம் வகையினர் தோட்டத்துக்கு வந்தோர். தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிமுறை இருந்தது. 1910இல் அது முடிவுக்கு வந்தது. அதனோடு ஒருங்கே வளர்ந்து, பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே உரிமச் சீட்டுடன் தம் சொந்த ஊருக்குச் சென்று, உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி கப்பற்செலவை ஏற்றது. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் மருத்துவச் சோதனை; பிறகு கப்பல் தளத்தில் நெருக்கமான பயணம்; பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தொற்றுத்தடை முகாம்; அங்கிருந்து தோட்டத்து லயம். 1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' கப்பலின் பெயர் இன்றும் முதியோர் நாவில் உண்டு.

இங்கு ஒரு வினா எழுகிறது. இவரைத் துணிந்து புறப்பட்டவர் என்பதா, துரத்தப்பட்டவர் என்பதா? பஞ்சம், நிலமின்மை, கடன், சாதிக் கொடுமை ஆகியவை அவரைப் பின்னிருந்து தள்ளின. கங்காணியின் இனிய சொற்கள் முன்னிருந்து இழுத்தன. அழைத்துவந்த ஆட்கள் வேலைக்கு வரும் நாட்களுக்கேற்பக் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. ஆகவே அச்சொற்களுக்கு விலை இருந்தது. எனினும், இவற்றையெல்லாம் கணக்கிட்ட பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. அதே பஞ்சத்தில் அதே தெருவில் இருந்தோர் அனைவரும் கப்பலேறவில்லை. கண்டறியாத கடலை நோக்கி நடந்தவரின் முடிவு அவருடையதே. தள்ளிய வறுமையை மறந்துவிட்டுத் துணிவை மட்டும் போற்றினால், சுரண்டலை மூடி மறைத்தவராவோம். துணிவை மறந்துவிட்டு வறுமையை மட்டும் எழுதினால், அவரை மீண்டும் வெறும் எண்ணாக்கியவராவோம்.

மிதிவண்டியும் மானமும்

அந்தத் துணிவு கப்பலோடு முடியவில்லை என்பதற்குக் கிள்ளான் மாவட்டமே சான்று. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழி அவர்களை ஒன்றுதிரட்டினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முற்றுப்புள்ளி, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை ஆகியவை அவர்களின் கோரிக்கைகளில் இடம்பெற்றன. மற்றொரு கோரிக்கையும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கத் தேவையில்லை என்பது.

கூலி உயர்வு வயிற்றுக்கானது. மிதிவண்டிக் கோரிக்கை மானத்துக்கானது. ஊரில் மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்க இயலாதிருந்தவருடைய பிள்ளை, கடல் கடந்த மண்ணில் துரைக்கு முன்னால் மிதிவண்டியிலேயே செல்வேன் என்கிறார். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் பரவியது, சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டுப் படைகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

திரும்பாதவர்

அதே ஆண்டு டிசம்பரில் சப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 முதல் 1943 அக்டோபர் வரை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடப்பட்டது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000த்துக்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன. போர்க்கைதிகளாயிருந்த நேச நாட்டுப் படைவீரர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவருள் பெரும்பாலோர்க்கு அத்தகைய கல்லறை இல்லை. முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை.

'பிறகு கடிதமே இல்லை' என்று சில குடும்பங்கள் சொல்லும் சொல்லுக்கு விடை அந்தக் காட்டில் இருக்கக்கூடும். நன்றி மறந்தவர், அங்கேயே வேறு குடும்பம் கண்டவர் என்றெல்லாம் ஊரார் பேசிய ஒருவர், உண்மையில் தண்டவாளத்தின் கீழ்க் கிடந்திருக்கலாம். எனவே இத்தேடலை வெறும் ஆர்வத்தால் எழுந்ததென்று கொள்ளலாகாது. இறந்தவருடைய நற்பெயர் இதைச் சார்ந்துள்ளது.

பெண்களும் புறப்பட்டனர்

துணிந்தவர் என்றதும் ஆணையே நினைப்பது நம் வழக்கம். பால்மரம் வெட்டியதில் பெண்கள் பாதிச் சுமையைத் தாங்கினர். 1943இல் நேதாஜி அமைத்த ஜான்சிராணிப் படையிலும் மலாயாத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்தனர். கோலாலம்பூரில் 1925இல் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன், தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பதினெட்டு வயதில் அப்படையில் சேர்ந்து பர்மா வரை சென்றார். தோட்டங்களிலிருந்து அவருடன் சென்ற பெண்கள் பலரின் பெயர்கள் நூல்களில் ஏறவில்லை. 'அப்பாயி', 'அத்தை' என்னும் உறவுப் பெயர்களுக்குள் அவர்கள் மறைந்துள்ளனர்.

செய்ய வேண்டியவை

தேடல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். பழைய அடையாள அட்டை, பிறப்புச் சான்று, சம்பளப் புத்தகம், பண அஞ்சல் துண்டு, புகைப்படத்தின் பின்புற முத்திரை, கோவில் கல்வெட்டிலுள்ள நன்கொடையாளர் பெயர் ஆகிய ஒவ்வொன்றும் ஆவணமே. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்லலாம்.

அங்கு இரு தடைகள் எதிர்ப்படும். ஒன்று, தோட்டத்தின் பெயர். பதிவேட்டில் இருப்பது ஆங்கிலப் பெயர். தொழிலாளர் வழங்கியது தமிழ்ப் பெயர். தாத்தா சொன்ன பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதால் அத்தோட்டமே இல்லை என்றாகாது. அவ்வட்டார முதியோரிடம் கேட்டு இரு பெயர்களையும் பொருத்த வேண்டும். மற்றொன்று, ஆளின் பெயர். எழுதிய கிராணியின் காதில் விழுந்தவாறெல்லாம் ஒரே பெயர் பலவிதமாகப் பதிவாகியிருக்கும். தமிழ் ஒலிப்பை அறிந்த மாணவரே அவ்வேறுபாடுகளை ஒன்றெனக் காண வல்லவர். இப்பணியில் தமிழறிவே முதற்கருவி.

ஆசிரியர்கள் ஓர் எளிய பயிற்சியைத் தரலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டின் மூத்தவர் ஒருவரிடம் ஐந்து வினாக்கள் கேட்டு, விடையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவரட்டும்: எந்த ஊரிலிருந்து, யாருடன், எந்தக் கப்பலில், எந்தத் தோட்டத்துக்கு அல்லது எந்தப் பணிக்கு, ஏன்? சடக்கு, லயம், பிரட்டு, தண்டல் போன்ற சொற்களைத் திருத்தாது எழுதுதல் வேண்டும். அவை அகராதி சொல்லாத வாழ்வைச் சொல்லும். கேட்டதையும் ஆவணத்தில் கண்டதையும் தனித்தனியே குறித்துவைத்தல் வேண்டும். இரண்டும் முரண்பட்டால் ஒன்றை அழித்துவிடலாகாது.

பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே முற்றம் இருந்த இடத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இடங்கள் மாறுவதைத் தடுக்க நம்மால் இயலாது. ஆயினும், ரஜூலாவில் வந்தவரைத் தம் கண்ணால் கண்டு, அவர் வாய்மொழியைக் கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. அத்தலைமுறையும் சென்றபின் எஞ்சுவது அரசு ஏட்டின் எண் மட்டுமே. அதற்குள் அவர்களிடம் சென்று கேட்பது இன்றைய மாணவர் கடன்.