பறிக்கப்பட்ட கோப்பையும் ஒரு பயிற்சியாளரும்

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் அது வேறு விளையாட்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. நாம் கால்பந்து என்று சொல்வதை அவர்கள் 'சாக்கர்' என்பார்கள். இந்த சாக்கர் அங்கே பல ஆண்டுகள் கல்லூரி மைதானங்களில்தான் உயிரோடு இருந்தது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 1959 முதல் ஆண்கள் கால்பந்துக்கு தேசியப் போட்டி நடத்தி வருகிறது.

அந்தப் போட்டியின் பழைய சாம்பியன்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தால் 1971ஆம் ஆண்டுக்கு நேராக எந்தக் கல்லூரியின் பெயரும் இருக்காது. அந்த ஆண்டு போட்டி நடந்தது, இறுதி ஆட்டமும் நடந்தது, ஒரு அணி ஜெயிக்கவும் செய்தது. பிறகு ஏன் பெயர் இல்லை? அதுதான் இந்தக் கட்டுரை.

கோல்கீப்பர் கோச் ஆகிறார்

வாஷிங்டன் நகரில் இருக்கிறது ஹோவர்ட் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு, 1867ல் தொடங்கப்பட்டது. கறுப்பின மாணவர்களின் உயர்கல்விக்குப் பேர் போன இடம்.

1970ல் இந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் லிங்கன் பிலிப்ஸ். கரீபியன் தீவான டிரினிடாட்டைச் சேர்ந்தவர். அந்த நாட்டு அணியின் கோல்கீப்பர். அமெரிக்காவுக்கு வந்து பால்டிமோர் பேஸ் அணியில் ஆடினார். பிறகு வாஷிங்டன் டார்ட்ஸ் அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். கறுப்பினத்தவர் ஒருவர் அமெரிக்கத் தொழில்முறை கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருப்பது அப்போது புதிது.

ஒரு கல்லூரிப் பயிற்சியாளரின் வேலை மைதானத்தோடு முடிவதில்லை. ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். உதவித்தொகைக்கு அலைய வேண்டும். அவர்கள் வகுப்புக்குப் போகிறார்களா, மார்க் வாங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். யார் ஆடத் தகுதி உள்ளவர், யார் இல்லை என்று விதிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். பெரிய கல்லூரிகளில் இன்று இதற்கெல்லாம் தலைமைப் பயிற்சியாளர், துணைப் பயிற்சியாளர்கள், கோல்கீப்பர் பயிற்சியாளர் என்று ஒரு குழுவே இருக்கிறது. விதிகளைக் கவனிப்பதற்கென்றே தனி அலுவலகம் வைத்திருக்கிறார்கள். அன்றைய கால்பந்தில் பெரும்பாலான கல்லூரிகளில் இந்தச் சுமையில் பெரும்பகுதி ஒருவர் தலையில்தான்.

பிலிப்ஸ் தனக்குத் தெரிந்த உலகத்தில் ஆட்டக்காரர்களைத் தேடினார். டிரினிடாட், ஜமைக்கா, பெர்முடா, நைஜீரியா, கானா, கினி என்று பல நாட்டு இளைஞர்கள் ஹோவர்ட் சட்டையைப் போட்டார்கள். முதல் ஆண்டே அணி தேசியப் போட்டியின் அரையிறுதி வரை போய்விட்டது.

எதிரணியின் கோச் ஒரு தபால்காரர்

அந்தக் காலத்தில் கல்லூரிக் கால்பந்தின் ராஜா செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். 1959 முதல் 1973 வரை பத்து முறை பட்டம் வென்ற அணி (அதில் ஒன்று பகிர்ந்துகொண்டது).

அதன் பயிற்சியாளர் ஹாரி கீயோ. இவர் கதையும் சுவாரஸ்யமானது. 1950 உலகக் கோப்பையில், பிரேசிலின் பெலோ ஒரிசாந்தே நகரில், அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்து உலகையே அதிர வைத்ததே, அந்த அமெரிக்க அணியில் ஆடியவர். பிழைப்புக்குச் செய்த வேலை தபால்காரர்! தேவாலயங்களை ஒட்டி வளர்ந்த சிறுவர் அணிகளும் பள்ளி அணிகளும் நிறைந்த ஊர் செயின்ட் லூயிஸ். கீயோவுக்கு வேண்டிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அந்த ஊரிலேயே கிடைத்தார்கள். வெளியே தேட வேண்டிய அவசியம் இல்லை.

1971 இறுதி ஆட்டத்தில் இந்த இரண்டு பேரும் மோதினார்கள். இடம் மியாமி நகரின் ஆரஞ்சு பவுல் மைதானம். ஹோவர்ட் 3-2 என்று ஜெயித்தது. கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி ஒன்று என்.சி.ஏ.ஏ.வின் முதல் நிலைப் பட்டத்தை வெல்வது அதுவே முதல் தடவை.

விதிப் புத்தகம் ஆடிய ஆட்டம்

சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஹோவர்ட் அணியில் தகுதி இல்லாத வீரர்கள் ஆடினார்கள் என்று என்.சி.ஏ.ஏ. விசாரணையைத் தொடங்கியது. முடிவில் 1971 பட்டம் பறிக்கப்பட்டது. 1973 தேசியப் போட்டியில் ஆடவும் தடை விதிக்கப்பட்டது.

குற்றச்சாட்டு என்ன? இரண்டு விதிகள் இங்கே முக்கியம்.

முதலாவது '1.600 விதி'. கல்லூரியில் சேரும் மாணவர் 4க்கு குறைந்தது 1.6 புள்ளி எடுப்பார் என்று முன்கூட்டியே கணித்துக் காட்ட வேண்டும். பள்ளி மதிப்பெண்ணையும் அமெரிக்க நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணையும் வைத்துத்தான் அந்தக் கணிப்பு. தீவுகளில் படித்து வந்த சிலர் அந்தத் தேர்வையே எழுதியிருக்கவில்லை. கல்லூரிக்கு வந்த பிறகு அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதைப் பற்றி அந்த விதிக்குக் கவலை இல்லை.

இரண்டாவது வெளிநாட்டு மாணவர் விதி. 19 வயதுக்குப் பிறகு, கல்லூரியில் சேர்வதற்கு முன், வெளிநாட்டில் ஏதாவது ஒரு அணியில் ஆடியிருந்தால், அந்த ஒவ்வொரு ஆண்டும் கல்லூரிக்காக ஆடிய ஆண்டாகக் கழிக்கப்படும். டிரினிடாட்டில் பள்ளி முடித்து, சம்பளம் இல்லாமல் உள்ளூர் கிளப்பில் ஆடிவிட்டு வந்த ஒரு இளைஞனின் கல்லூரி ஆட்ட நாட்கள் இப்படியே கரைந்துவிடும். ஆனால் அதே வயது அமெரிக்க இளைஞன் தன் ஊர் கிளப்பில் ஆடினால் அப்படி எதுவும் கழிக்கப்படாது!

இரண்டு பேர் ஆடியதும் ஒரே ஆட்டம்தான். கணக்கு மட்டும் வேறு.

ஹோவர்ட் நீதிமன்றம் போனது. 1973ல் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றமும், 1975ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், வெளிநாட்டு மாணவர் விதி சம உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தன. ஆனால் மற்ற விதிகள் செல்லும் என்றன. அதனால் பட்டம் திரும்பி வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1.600 விதியை என்.சி.ஏ.ஏ.வே 1973ல் கைவிட்டுவிட்டது. ஆக, ஒரு விதியை நீதிமன்றம் தள்ளியது, இன்னொன்றை அமைப்பே தூக்கிப் போட்டது. பறித்த பட்டம் மட்டும் பறித்தபடியே இருந்தது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். விதி என்று ஒன்று இருந்தால் அது எல்லா அணிக்கும் பொது. அதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு ஹோவர்டுக்கும் இருந்தது. ஆனால் ஒரு கறுப்பினப் பயிற்சியாளரும் வெளிநாட்டுக் கறுப்பின மாணவர்களும் ஜெயித்ததால்தான் இவ்வளவு கடுமை என்று அன்று பலர் நினைத்தார்கள். அவர்களுடைய சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை என்பதை அந்தத் தீர்ப்பே காட்டுகிறது.

திரும்பி வந்த அணி

தடை முடிந்து வந்தது 1974. பட்டம் பறிபோன அணியை ஒரு பயிற்சியாளர் எப்படித் தேற்றுவார்? பிலிப்ஸ் அந்த அநியாயத்தையே அணியின் எரிபொருளாக மாற்றினார். ஆட்டக்காரர்களுக்கு அது வெறும் கோப்பைக்கான சீசன் இல்லை, போன பெயரை மீட்கும் சீசன்.

முடிவைப் பாருங்கள். 19 ஆட்டம், 19 வெற்றி. அடித்த கோல் 63, வாங்கியது வெறும் 6.

இறுதி ஆட்டத்தில் எதிரே யார்? அதே செயின்ட் லூயிஸ், அதே ஹாரி கீயோ. அதுவும் அவர்கள் ஊரிலேயே, புஷ் மைதானத்தில். ஆட்டம் 1-1 என்று நின்று கூடுதல் நேரத்துக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் நான்காவது கூடுதல் நேரத்தில் நைஜீரிய மாணவர் கென்னத் இலோடிக்வே கோல் அடித்தார். ஹோவர்ட் 2-1. இந்த முறை பட்டத்தை யாராலும் பறிக்க முடியவில்லை.

அதன் பிறகு

பிலிப்ஸ் 1980 வரை ஹோவர்டில் இருந்தார். பிறகு பயிற்சியாளர்களுக்கே பயிற்சி கொடுப்பவராக ஆனார். சொந்த நாடான டிரினிடாட்டின் கால்பந்துச் சங்கத்திலும் தொழில்நுட்ப இயக்குநராகப் பணியாற்றினார். அவருடைய 1971 அணியில் ஆடிய கீத் டக்கர் பின்னாளில் ஹோவர்டின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவர் அணி 1988ல் மீண்டும் இறுதி ஆட்டம் வரை வந்து, இந்தியானா பல்கலைக்கழகத்திடம் 0-1 என்று தோற்றது.

அந்த 1988 அணியில் இருந்த கோல்கீப்பர் ஷாகா ஹிஸ்லாப். ஹோவர்டில் பொறியியல் படித்தவர். 2006 உலகக் கோப்பையில் டிரினிடாட் முதல் முறையாக ஆடியபோது, கடைசி நேரத்தில் வாய்ப்புக் கிடைத்து, ஸ்வீடனை 0-0 என்று தடுத்து நிறுத்தியவர் அவர்தான்.

ஒரு கோல்கீப்பர் 1970ல் கோச்சாக வந்தார். அவரிடம் ஆடியவர் அடுத்த கோச் ஆனார். அந்த கோச்சின் அணியிலிருந்து இன்னொரு கோல்கீப்பர் உலகக் கோப்பைக்குப் போனார். 1971க்கு நேராக இருக்கும் அந்த வெற்றிடத்தை என்.சி.ஏ.ஏ. இன்று வரை நிரப்பவில்லை. ஆனால் அந்த ஆட்டம் 3-2 என்று முடிந்ததை எந்த விதியாலும் மாற்ற முடியாது.