மலைநாட்டில் லாண்ட் றோவர்

இலங்கையின் மத்திய மலைநாட்டு வரலாற்றை எழுதுவோர் தேயிலையைப் பற்றியும், அதனைப் பயிரிட்ட துரைமாரைப் பற்றியும், அதற்காக உழைத்த மக்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். அத்தேயிலை மலையினின்று இறங்கிய வழியைப் பற்றியோ, அவ்வழியில் ஓடிய ஊர்திகளைப் பற்றியோ எழுதியவர் சிலரே. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளிலே லாண்ட் றோவர் என்னும் பழைய மோட்டார் வண்டி இன்றும் கண்ணிற்படுகின்றது. அது எவ்வாறு கடல் கடந்து வந்தது? யாருடைய உழைப்பினால் வாங்கப்பட்டது? யாருடைய கைவண்ணத்தினால் இத்தனை ஆண்டுகள் நிலைத்தது? இக்கேள்விகளுக்கு விடை காண முற்பட்டால், மலைநாட்டு வாழ்வின் ஒரு பகுதியே நம் முன் விரியும்.

மலைநாட்டுக்கு முதலில் வந்த பெரும் பயிர் கோப்பி. கோப்பிக் காலத்தில் மூட்டைகளைக் கொழும்புக்குக் கொண்டு சென்றவை மாட்டு வண்டிகளே. தோமஸ் ஸ்கின்னர் போன்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் வெட்டப்பட்ட பாதைகள் அவ்வண்டிகளுக்கு வழி திறந்தன. கண்டிக்குப் புகையிரதம் வந்த 1867ஆம் ஆண்டிலேயே, ஜேம்ஸ் ரெயிலர் என்பார் லூல்கந்துர என்னும் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் இலைநோயினால் கோப்பி அழிந்து தேயிலை பெருகிற்று. புகையிரதப் பாதையும் மலையேறி, 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது.

ஆயினும் புகையிரதம் நிலையத்தோடு நின்றுவிடும்; தோட்டமோ அதற்கு அப்பால், செங்குத்தான சரிவுகளிலே கிடக்கும். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து மடுவத்துக்கும், மடுவத்திலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து நிலையத்துக்கும் உள்ள தூரத்தைக் கடப்பது பெரும் பாடாக இருந்தது. சில தோட்டங்களில் கம்பி கட்டிக் கொழுந்து மூட்டைகளைச் சரிவிலே கீழிறக்கினர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஒரு குறுகிய இருப்புப் பாதையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. அதுவும் 1940களின் இறுதிக்குள் மூடப்பட்டது. மழையில் சேறாகும் தோட்டப் பாதைகளில் சாதாரண மோட்டார் கார் ஏற இயலாது. பாரமான லொறியோ கூரிய வளைவுகளில் திரும்ப இயலாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஊர்தி தேவைப்பட்டது.

அத்தகைய ஊர்தியை உலகுக்குக் காட்டியது இரண்டாம் உலகப் போர். 1944இல் தென்கிழக்காசியக் கூட்டுப் படைகளின் தலைமையகம் பேராதனைக்கு வந்தபோது, அமெரிக்க ஜீப் வண்டிகளும் மலைநாட்டுப் பாதைகளில் ஓடலாயின. அதே ஜீப் வண்டியே லாண்ட் றோவர் பிறப்பதற்கும் காரணமாயிற்று. இங்கிலாந்தின் றோவர் கம்பெனியில் தலைமை வடிவமைப்பாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில் போரில் மிஞ்சிய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது பழுதாகிவிட்டால் அதற்கு ஈடாக வாங்குவதற்கு வேறு வண்டி இல்லை என்பதைக் கண்டு, தாமே ஒன்றைச் செய்ய எண்ணினார். கம்பெனியின் நிருவாகத்தை நடத்திய அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸும் அதற்கு உடன்பட்டார்.

போருக்குப் பின்னர் இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு இருந்தமையால் வண்டியின் கூடு அலுமினியக் கலவைத் தகட்டினால் செய்யப்பட்டது. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்ரர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அவ்வண்டி முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அன்று அதன் விலை 450 பவுண். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைப்பட்ட நீளம் 80 அங்குலம். நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும். அன்றியும், வண்டியை நிறுத்திவிட்டு அதன் எஞ்சினைக் கொண்டே வயல் இயந்திரங்களை ஓட்டவும் வசதி செய்யப்பட்டிருந்தது. ஓய்வு நாட் பயணத்துக்கன்றி உழவுத் தொழிலுக்கெனவே பிறந்த வண்டி அது. நாட்டுக்குள் விற்பதைவிட வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே அந்நாளில் உருக்குக் கிடைத்தது. ஆகவே றோவர் கம்பெனி தோட்டமும் மலையும் உள்ள நாடுகளை நாடிற்று.

இலங்கை சுதந்திரம் பெற்றதும் அந்த 1948இலேயாகும். அந்நாளில் தோட்டங்களிற் பல இங்கிலாந்துக் கம்பெனிகளுக்கே உரியனவாயிருந்தன. அவற்றின் துரைமாருக்கு இவ்வண்டி பெரிதும் ஏற்றதாயிற்று. காலையில் பிரட்டுக் களத்திலிருந்து மேல்மலைக்கு ஏறவும், தொழிற்சாலைக்குத் திரும்பவும், வங்கியிலிருந்து சம்பளப் பணத்தைக் கொண்டுவரவும் அது பயன்பட்டது. ஆயினும் அதனை வாங்கிய பவுண் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1950களில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு தேயிலையிலிருந்தே கிடைத்தது. துறைமுகத்தில் இறங்கிய ஒவ்வொரு வண்டிக்கும் ஈடாகத் தேயிலைப் பெட்டிகள் அதே துறைமுகத்திலே ஏறின. அப்பெட்டிகளை நிரப்பிய கொழுந்தைப் பறித்தவரோ, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மக்களாவர். வண்டிக்கு இந்நாட்டில் பதிவு கிடைத்தது. அதன் விலையை உழைத்துக் கொடுத்த பெண்ணுக்குப் பதிவு கிடைக்கவில்லை.

வந்த வண்டி வந்த வடிவிலேயே நிற்கவில்லை. பின்புறத்தைத் திறந்து சாக்குகளை ஏற்ற இடம் செய்தல், மழைக்குக் கித்தான் கூரை அமைத்தல், இரு பக்கமும் பலகை ஆசனம் பொருத்துதல், வில்லுத் தகடுகளைக் கூட்டிப் பாரம் தாங்கச் செய்தல் ஆகிய மாற்றங்கள் தேவைக்கேற்ப நிகழ்ந்தன. இக்கைவேலை மலைநாட்டுக்குப் புதிதன்று. ஜோன் வோக்கர் என்பார் 1854இலேயே கண்டியில் பட்டறை வைத்துக் கோப்பி இயந்திரங்களைச் செய்யத் தொடங்கினார். தேயிலைத் தொழிற்சாலைகளின் உருளைகளையும் உலர்த்திகளையும் பழுதுபார்த்துப் பழகிய கைகளுக்கு ஒரு மோட்டார் வண்டியைப் பிரித்துக் கோப்பது எட்டாத வித்தையாக இருக்கவில்லை. லாண்ட் றோவரின் தட்டையான தகடுகளும் எளிய திருகாணிகளும் அவ்வித்தைக்கு இடங்கொடுத்தன.

அக்கைகளின் அருமை 1960ஆம் ஆண்டின் பின்னரே முழுதும் விளங்கிற்று. தேயிலை விலை தளர்ந்து அந்நியச் செலாவணி அருகியபோது, 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. மோட்டார் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. உதிரிப்பாகங்களும் அருமையாயின. முன்னர்ப் பழுதானால் மாற்றியிருக்கக்கூடிய வண்டியை இப்போது காப்பாற்றியே தீர வேண்டியதாயிற்று. இரண்டு வண்டிகளிலிருந்து ஒன்றைச் செய்தனர். உடைந்த உறுப்பைக் கடைசல் இயந்திரத்திற் புதிதாகக் கடைந்தனர். உலகின் பிற இடங்களிற் பழைய இரும்புக் கடைக்குச் சென்றிருக்கக்கூடிய வண்டிகள் இங்கே பிழைத்தமைக்குக் காரணம், செல்வச் செழிப்பன்று. பற்றாக்குறையும் அதனை வென்ற தொழிற்றிறனுமே.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதெனவும் இரு நாடுகளும் இணங்கின. அதன் பின்னர் மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தனர். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசின் வசமாயின. கம்பெனிகளும் வெள்ளைத் துரைமாரும் நீங்கினர். அவர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் கைமாறி ஓடிக்கொண்டேயிருந்தன.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது ஜப்பானிய வாகனங்கள் பெருகின. அப்போதும் லாண்ட் றோவர் மறையவில்லை. பெற்றோல் விலை ஏறியிருந்தமையால், பலர் அதன் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்தினர். ஆங்கிலக் கூட்டினுள் ஜப்பானிய எஞ்சினும், அவற்றை இணைக்கும் உள்ளூர் ஒட்டு வேலையுமாக அது இலங்கைக்கே உரிய வண்டியாயிற்று. தேயிலை விளையும் வேறொரு மலையிலும் இத்தகைய வரலாறு உண்டு. இந்தியாவின் டார்ஜிலிங் மாவட்டத்திலுள்ள மானேபஞ்சாங் என்னும் சிற்றூரில், ஆங்கிலேயர் காலத்துத் தேயிலை வாழ்வின் எச்சமாக நின்ற லாண்ட் றோவர்கள் டீசல் எஞ்சினோடு சந்தக்பூ மலைக்குப் பயணிகளை ஏற்றி வந்தன.

பிற நாடுகளிலோ இவ்வண்டி செல்வரின் அணிகலனாகிவிட்டது. சொலிஹல் தொழிற்சாலையில் இதன் வழிவந்த டிஃபெண்டரின் பழைய வடிவம் 2016 சனவரி 29ஆம் நாள் இறுதியாக உருவாயிற்று. அதே ஆண்டில் அக்கம்பெனியே முதல் வரிசைப் பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்கவும் தொடங்கிற்று. 25 ஆண்டு கடந்த வாகனத்துக்கு அமெரிக்கச் சட்டம் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்களிப்பதால், அங்குள்ளோர் பழைய வண்டிகளை வாங்கித் தோலாசனமும் புதிய எஞ்சினும் பொருத்தி இறக்குமதி செய்கின்றனர். இலங்கையிலோ 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் நேர்ந்தது போலவே, இருக்கும் வண்டியைக் காப்பாற்றும் கைகளுக்கு இவ்விடைக்காலத்திலும் வேலை மிகுந்தது.

2003ஆம் ஆண்டின் சட்டத்தினால், எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் இலங்கைக் குடியுரிமை கிட்டிற்று. ஆனால் தோட்டப் பாதைகளின் கதை முடிந்துவிடவில்லை. பிரசவ வேதனையுற்ற பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லக் கொழுந்து லொறியை எதிர்நோக்கிய நாட்கள் மலைநாட்டில் பல. கொழுந்துக்கு நூறாண்டுக்கு முன்னரே பாதையும் கம்பியும் இருப்புப் பாதையும் வந்தன. கொழுந்து பறிப்பவள் இன்றும் சரிவிலே நடந்துதான் ஏறுகின்றாள். பழைய லாண்ட் றோவரைக் கண்டு வியப்போர் அதனைச் செய்த சொலிஹல் தொழிற்சாலையை மட்டும் நினைத்தல் போதாது. அதற்கு விலை கொடுத்த கூடையையும், அதனை ஓடவைத்த பட்டறையையும் சேர்த்து நினைத்தலே முறையாகும்.