படியிலிருந்து பத்திக்கு

கதை சொல்வது, காட்சியை விவரிப்பது, பொருளை விளக்குவது, வாதிட்டு இணங்கச் செய்வது என்று ஆங்கிலப் பாடநூல்கள் பத்தியை நான்காக வகுக்கின்றன. திருச்சிக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் இதை மனப்பாடமே செய்துவிடுகிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில், திருவரங்கத்தில், எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பேரளவில் உரைநடை எழுதப்பட்டதையும் அதில் பத்தி என்பதே இல்லாததையும் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. (ஆழ்வார் தமிழில் பத்தி என்றால் பக்தி, அது வேறு.)

திருவாய்மொழி உரைகளின் பெயர்களைப் பாருங்கள்: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒற்று நீக்கி 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. அனுட்டுப்பு சுலோகத்தின் அளவு அது. உரைநடையையும் செய்யுளின் முழக்கோலால்தான் அளந்திருக்கிறார்கள்.

ஓலையில் இடம்விட்டு எழுதுவது வீண், நிறுத்தக்குறிகளும் இல்லை. அப்படியானால் படிப்பவன் எங்கே மூச்சுவிடுவான்? பாசுரமே அவனுக்குப் படித்துறை. முந்தைய பாசுரத்தோடு இதற்குள்ள தொடர்பை அவதாரிகை சொல்லும். பிறகு சொல்தோறும் உரை. இடையே ஓர் ஐயம், அதற்கு விடை. சான்றாக ஓர் ஆசாரியர் வாழ்வில் நடந்த செய்தி. பாடநூலின் நால்வகையும் இதற்குள் கலந்தே ஓடுகின்றன.

நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்க நம்பூர் வரதரிடம் கொடுத்தார். காவிரி வெள்ளம் ஓலைகளைக் கொண்டுபோயிற்று. வரதர் நினைவிலிருந்தே எழுதி முடித்து, நம்பிள்ளை என்று பெயர் பெற்றார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். வரலாறா கதையா என்பது இருக்கட்டும். பாசுரம் நெஞ்சில் இருந்தால் உரை அதைப் பற்றிக்கொண்டு கரையேறிவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளைக்கு அப்படிப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், கருத்து தன் எல்லையைத் தானே காட்டியாக வேண்டும். திருச்சி நீதிமன்றத்தில் பணியாற்றியவர். ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் நூலாக்கியவர். வழக்கின் வரலாறு, இருதரப்பு வாதம், முடிவு என்று பிரித்தெழுதும் பழக்கம் இலக்கண நூல்களைவிட அங்கேதான் அவருக்கு வாய்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று ஈட்டையும் பத்தி பிரித்து அச்சிடுகிறோம். படிக்க எளிதுதான். ஆனால் ஐயம் ஒரு பத்தியிலும் விடை அடுத்த பத்தியிலும் நிற்கும்போது, எதிரெதிரே அமர்ந்து பேசிய இருவரை யாரோ விலக்கி உட்காரவைத்தது போலாகிவிடுகிறது. ஒரு பாசுரத்தின் உரையை இடைவெளியின்றி எழுதிக்கொடுத்து, எங்கே பிரிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்பதுண்டு. ஒருவர் பிரித்த இடத்தில் மற்றவர் பிரிப்பதில்லை.