பிள்ளைக்கு அறிவுநூல் வரிசை வாங்குமுன் புரட்ட வேண்டிய பக்கங்கள்

வவுணதீவுப் பக்கம் ஒரு வீட்டுக்குச் செய்தி வேலையாகப் போயிருந்தேன். பேசி முடித்து எழும்பும்போது அந்த வீட்டு அம்மா உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பத்துப் புத்தகங்கள். பளபளக்கும் அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். வீடு வீடாக வந்த ஒரு விற்பனையாளரிடம் மூன்று தவணையில் காசு கட்டி வாங்கியவை. தரம் 7 படிக்கும் மகன் ஒன்றிரண்டைப் புரட்டிவிட்டு மூடி வைத்துவிட்டான். "தம்பி, நீங்க எழுதுற ஆள்தானே. பார்த்துச் சொல்லுங்க, பிழை புத்தகத்திலயா புள்ளையிலயா?" என்று கேட்டார்.

திறந்து பார்த்தேன். முதலாவது தொகுதியில் சூரியனை ஒன்பது கோள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னொன்றில் நமது தேசியப் பறவை மயில், நமது தேசிய மலர் தாமரை என்று இருந்தது. தாவரங்கள் பற்றிய தொகுதி முழுக்க 'ஒளிச்சேர்க்கை', 'செல்', 'ஆக்ஸிஜன்'. மகனிடம் கேட்டேன். "எங்கட புத்தகத்தில ஒளித்தொகுப்பு எண்டுதான் இருக்கு மாமா. இது வேற பாடம் எண்டு நினைச்சன்" என்றான்.

பிள்ளையில் பிழை இல்லை. அந்தப் புத்தகங்கள் வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில், வேறொரு பிள்ளைக்காகச் செய்யப்பட்டவை. இப்படி வாங்கி ஏமாந்த வீடுகளைப் பிறகும் கண்டேன். பாடநூலுக்கு வெளியே பிள்ளைகளுக்கு அறிவுநூல் வரிசை வாங்க நினைக்கும் பெற்றோருக்கும், ஊருக்குப் புத்தகம் அனுப்ப நினைக்கும் புலம்பெயர் உறவுகளுக்கும் ஒரு கைநூல் போல இதை எழுதுகிறேன்.

ஏன் இது சின்ன விடயம் அல்ல

1981 ஜூன் 1 அதிகாலை எரிந்துகொண்டிருந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். வீடுகளில் போன புத்தகங்களுக்குக் கணக்கு இல்லை. 1990இல் ஓடியபோது, 2004இல் கடல் வந்தபோது, 2007 மார்ச்சில் படுவான்கரை முழுதும் இடம்பெயர்ந்தபோது, யாரும் புத்தக அலுமாரியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. நான் போகும் வீடுகள் பலவற்றில் இன்றைக்கும் அரசாங்கம் தரும் இலவசப் பாடநூல்தான் ஒரே புத்தகம். அப்படியான வீட்டுக்குள் புதிதாக வரும் முதலாவது வரிசை, 'புத்தகம் எனக்கானது அல்ல' என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் அந்த நட்டம் தவணைக் காசோடு முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில், மைக்காவோ கடற்கரையில் டில்லி சிமித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி நின்றிருந்தாள். கடல் நுரைத்து வித்தியாசமாக ஏறுவதைக் கண்டு, சுனாமி வரப்போகிறது என்று பெற்றோரிடம் அடம்பிடித்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னர் புவியியல் வகுப்பில் படித்த பாடம் அது. கடற்கரை வெறுமையாக்கப்பட்டு ஏறத்தாழ 100 பேர் தப்பினார்கள். அதே காலை நாவலடியிலும் கல்லடியிலும் நின்ற எங்களில் பெரும்பாலானோர் 'சுனாமி' என்ற சொல்லையே அதற்குப் பிறகுதான் கேட்டோம். உலகம் எப்படி இயங்குகிறது என்று விளங்கும் மொழியில் சொல்லும் ஒரு பக்கத்தின் பெறுமதி அவ்வளவு.

முதலில் ஆண்டு

அட்டையைப் பார்க்குமுன் உள்ளே பதிப்புப் பக்கத்தைப் பாருங்கள். 'மறுபதிப்பு' என்று போட்டிருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். பழையதை அப்படியே மறுபடி அச்சடித்தாலும் அது மறுபதிப்புத்தான். 'திருத்திய பதிப்பு' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் இரண்டு இடங்களில் சோதிக்கலாம்.

- கோள்கள் எத்தனை? 2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. எட்டு என்று இருக்க வேண்டும்.
- ஐக்கிய நாடுகள் சபையில் எத்தனை நாடுகள்? 2011இல் தென் சூடான் சேர்ந்த பிறகு 193.

இரண்டும் பழையதாக இருந்தால் மருத்துவம், கணினி, காலநிலை பற்றிய பக்கங்களும் பழையவைதான். அதற்காகப் பழைய புத்தகம் எல்லாம் கழிவு என்று அர்த்தம் இல்லை. கணக்குப் புதிர், செய்முறை, அடிப்படை விதிகள் பழுதாவதில்லை. யாக்கோவ் பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' ரஷ்ய மொழியில் முதலில் வந்தது 1913இல். சோவியத் காலத் தமிழ் மொழிபெயர்ப்பு எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்.

எந்தத் தமிழ்?

எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. தமிழில் வரும் அறிவுநூல்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் அச்சாகிறது. எங்கள் பாடநூலின் கலைச்சொல்லும் அவர்களுடையதும் வேறு. சில சோடிகளைத் தருகிறேன். முதலில் எங்களுடையது, பிறகு தமிழ்நாட்டினுடையது:

- ஒளித்தொகுப்பு – ஒளிச்சேர்க்கை
- கலம் – செல்
- இழையம் – திசு
- முலையூட்டி – பாலூட்டி
- கூர்ப்பு – பரிணாமம்
- ஒட்சிசன் – ஆக்ஸிஜன்
- காபனீரொட்சைட்டு – கார்பன் டை ஆக்ஸைடு
- பௌதிகவியல் – இயற்பியல்
- இரசாயனவியல் – வேதியியல்
- கண்டல் – அலையாத்தி

தமிழ்நாட்டு நூலை ஒதுக்கச் சொல்லவில்லை. இரு கரைக்கும் பொதுவான சொல் வேண்டும் என்ற முயற்சியில் எங்கள் ஆளே முன்னுக்கு நின்றிருக்கிறார். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். பிறகு பாதைகள் பிரிந்துவிட்டன. அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். புத்தகத்தின் பின்னட்டை உட்பக்கத்தில் இரண்டு நிரல் கீறி, புதுச் சொல் வரும்போதெல்லாம் பாடநூலில் உள்ள சொல்லைப் பக்கத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பரீட்சையில் எழுத வேண்டியது எங்கள் பாடநூலின் சொல். தரம் 5 வரையான பிள்ளைகளுக்கு இது பெரிய தடை அல்ல; அவர்களின் நூல்களில் கலைச்சொல் குறைவு. சாதாரண தரத்தை நெருங்கும்போதுதான் இடறும்.

'நாம்' என்றால் யார்?

புத்தகம் 'நமது நாடு' என்று சொல்லும் இடத்தைத் தேடிப் படியுங்கள். எங்கள் தேசியப் பறவை காட்டுக்கோழி, மலர் நீல அல்லி, மரம் நாகமரம். புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் பிள்ளை மயிலையும் தாமரையையும் மனப்பாடம் செய்தால் பொறுப்பு எங்களுடையது.

உலக அறிவு வரிசை எதுவும் அமேசனையும் சகாராவையும் தரும். பிள்ளையின் வீட்டுப் பின்பக்கத்தில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவியைத் தராது. ஆகவே வெளியே இருந்து ஒன்று வாங்கினால் எங்கள் மண்ணைப் பற்றி ஒன்றையும் சேர்த்து வையுங்கள். பண்டிதர் வீ.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. பிள்ளை தனியே வாசிக்கக் கடினம்; பெரியவர் ஒருவர் ஓர் இயலை எடுத்து வாசித்துச் சொல்லலாம். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்க முடியும்.

உங்களுக்குத் தெரிந்த பக்கத்தைத் திறவுங்கள்

பலரும் என்னிடம் சொல்வது, "நாங்க படிக்காத ஆக்கள், இது சரியா பிழையா எண்டு எப்படித் தெரியும்?" தெரியும். எல்லோருக்கும் ஏதோ ஒன்று நன்றாகத் தெரியும். மீன்பிடிப்பவர் மீன் பக்கத்தைத் திறக்கட்டும். வேளாண்மை செய்பவர் நெல் பக்கத்தைப் பார்க்கட்டும். தாதி காய்ச்சல் பற்றி எழுதியிருப்பதை வாசிக்கட்டும். நீங்கள் அறிந்த விடயத்தில் மூன்று வரிக்குள் ஒரு பிழை கண்டால், அறியாத பக்கங்களிலும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எழுதியவர் பெயர். ஒவ்வொரு தொகுதிக்கும் பெயரும் தகுதியும் இருந்தால் நல்லது. 'ஆசிரியர் குழு' என்று மட்டும் இருந்தாலோ, விண்வெளி முதல் வீட்டு மருந்து வரை ஒரே ஆள் எழுதியிருந்தாலோ யோசியுங்கள். பொருளடக்கம், சொல்லடைவு, படத்துக்கு விளக்கம், பொருளின் உண்மையான அளவு என்பன இருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல நூல் 'இது எங்களுக்கு எப்படித் தெரியும்' என்பதையும் சொல்லும். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுகிறது என்று நாங்கள் சொல்கிறோம். அதைக் கதையாக மட்டும் சொல்லும் நூல் ஒரு வகை. ஒலியை யார் கேட்டார்கள், எதிலிருந்து வந்திருக்கலாம், எப்படிச் சோதிக்கலாம் என்று கேட்கத் தூண்டும் நூல் இன்னொரு வகை. வாங்க வேண்டியது இரண்டாவதை.

வரலாற்று வரிசையில் இன்னும் கவனம்

பதின்ம வயதில் பிள்ளைகள் கேட்கத் தொடங்குகிறார்கள்: இங்கே என்ன நடந்தது? 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாக ஊரவர்கள் கொல்லப்பட்டார்கள். இடையில் ஐந்து கிழமை. இரண்டு ஊரும் மட்டக்களப்பு நகரின் இரு பக்கத்தில். ஒன்றைச் சொல்லி மற்றதை விடும் புத்தகம் எந்த மொழியில் வந்தாலும் பிள்ளையின் கையில் தனியே கொடுக்கக் கூடாது. பதின்ம வயதினருக்கென்று தமிழில் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வரிசை ஒன்றை நான் இன்னும் காணவில்லை. அதுவரை பெரியவர் பக்கத்தில் இருந்து வாசிக்க வேண்டும். இழப்பு நடந்த வீட்டுப் பிள்ளைக்கு உடல்களின் படம் உள்ள நூல் வேண்டாம். 2 வயதில் ஹிரோசிமாவில் குண்டுக்குத் தப்பி, 1955இல் 12 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த சடாக்கோ சசாக்கி போன்ற பிற நாட்டுப் பிள்ளைகளின் உண்மைக் கதையிலிருந்து தொடங்கினால் பேச்சுத் தானாக வீட்டுக்கு வரும்.

எங்கிருந்து தொடங்கலாம்

*8 வயது வரை:* இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் இலவச நூல்கள் உண்டு. வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் வாசிக்கலாம், பதிவிறக்கி அச்சிடலாம். ரூம் டு ரீட் நிறுவனம் இலங்கைப் பிள்ளைகளுக்கென்றே தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் வெளியிட்டிருக்கிறது. சென்னைத் தூலிகாவின் இருமொழி நூல்கள் ஆங்கிலமும் சேர்த்துப் பழக உதவும்.

*9 முதல் 12 வரை:* இந்திய நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை மெல்லிய நூல்கள், விலையும் குறைவு. பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' வெளியீடுகளும், கழிவுப் பொருளில் விளையாட்டுப் பொருள் செய்து விஞ்ஞானம் சொல்லும் அரவிந்த் குப்தாவின் நூல்களும் கையால் செய்து பார்க்கும் பிள்ளைகளுக்கு நல்லவை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ் 1987 முதல் வருகிறது.

*13க்கு மேல்:* 2014இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற ஆயிஷா இரா. நடராசனின் விஞ்ஞான நூல்களிலிருந்து தொடங்கலாம். உயர்தரம் படிப்போருக்கு ஆக்ஸ்போர்டின் 'மிகச் சுருக்கமான அறிமுகம்' வரிசையில் சிலவற்றை அடையாளம் பதிப்பகம் தமிழில் தந்திருக்கிறது. ஆங்கிலம் ஓரளவு வாசிப்பவர்களுக்கு 1988இல் தொடங்கிய டி.கே. நிறுவனத்தின் ஐவிட்னஸ் வரிசை. படமே பாதி பாடம் சொல்லும்.

பெரியசாமித் தூரன் பதிப்பித்த பத்துத் தொகுதி 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' 1976இல் நிறைவு பெற்றது. எண்களுக்காக அதைப் பார்க்காதீர்கள். கடினமான விடயத்தைப் பிள்ளைக்குத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதற்கு இன்றும் அது மாதிரி.

காசு

2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது இந்தியப் புத்தக விலையும் கூடவே ஏறியது. முழு வரிசையைத் தவணைக்கு வாங்காதீர்கள். ஒரு தொகுதி வாங்கி, பிள்ளை அதை இரண்டாம் தரம் கையில் எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால் அடுத்தது. ஐந்து வீடு சேர்ந்து ஆளுக்கொரு தொகுதி வாங்கி மாற்றி வாசிக்கலாம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். உங்கள் பிரதேச நூலகத்தில் என்ன வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க நல்ல நேரம்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் அன்போடு வந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியப் பெட்டிகள் கயிறு அவிழ்க்கப்படாமலே கறையான் பிடித்தன. கப்பல் செலவு புத்தக விலையை விடக் கூட. அனுப்புமுன் ஆசிரியரிடம் ஒரு தரம் பேசுங்கள். கொழும்பில் கிடைக்கும் தமிழ் நூலுக்கு அந்தக் காசைக் கொடுத்தால் கூடப் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

வவுணதீவு வீட்டுக்குப் பிறகும் ஒரு தரம் போனேன். பெட்டி திறந்து கிடந்தது. ஒன்பதாவது கோளைப் பென்சிலால் வெட்டி, பக்கத்தில் '2006' என்று மகன் எழுதியிருந்தான். தாவரத் தொகுதியின் பின்னட்டையில் பதினேழு சொற்கள் சேர்ந்திருந்தன. வாவியில் தொழில் செய்யும் தகப்பன் அலையாத்திக் காடு என்ற பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்மட கரையில நிக்கிற கண்டல்தானே" என்று சொன்னாராம். பதினெட்டாவது சொல் அது.