நான்கு கதவு ஹெரால்டு

சென்னையில் பழைய கார் கண்காட்சி என்றால் கூட்டம் முதலில் மொய்ப்பது ரோல்ஸ் ராய்ஸைத்தான். அடுத்து பியூக், டாட்ஜ், செவர்லே இம்பாலா. ஓரத்தில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தேடி வருகிறவர்கள் குறைவு. ஆனால் வந்தவர்கள் லேசில் நகர்வதில்லை. குடும்ப டாக்டர் வைத்திருந்த வண்டி, பெரியப்பா கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய வண்டி என்று ஆளுக்கொரு ஞாபகம் கிளம்பும். இந்த ஞாபகங்களை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. இந்த ஊரில் கார் வாங்கியவர்கள் யார் என்பதை ரோல்ஸ் ராய்ஸ் சொல்லும். கார் செய்யக் கற்றவர்கள் யார் என்று கேட்டால் ஹெரால்டிடம்தான் போக வேண்டும். சென்னையின் மோட்டார் வரலாற்றுக்கு அதைவிட நல்ல சாட்சி கண்காட்சித் திடலில் இல்லை என்பது என் முடிவு.

அந்த வரலாறு ஹூண்டாயிலிருந்து தொடங்குவதாகவே இன்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1840இல் கோச்சு வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தில், 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். சுதந்திரத்துக்குப் பின் 1948இல் அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் திட்டமிட்டது. பின்னாளில் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. அதே 1948இல்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவும் தோன்றியது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டினால் மட்டும் போதாது, இங்கேயே செய்ய வேண்டும் என்று 1950களில் அரசு கறாராக நின்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. நிலைத்த கார் கம்பெனிகள் முக்கியமாக மூன்று: வங்காளத்தில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு ஆலையிலிருந்து 1961இல் ஹெரால்டு வெளிவரத் தொடங்கியது.

அந்த வண்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பானட் மட்டும் தனியாகத் திறப்பதில்லை. இரண்டு பக்க மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து முன்பாகம் முழுவதும் முன்னால் கவிழ்கிறது. சேசிஸ் தனி, அதன்மேல் பாடி துண்டு துண்டாக போல்ட்டு போட்டு நிற்கிறது. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அழகு அது. பின்சக்கரங்களைக் குறுக்கே போட்ட ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் தாங்குகிறது. பின்னால் பாரம் ஏறினால் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டு என்ற பேரில் விற்ற இந்தக் காருக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் முன்சீட்டை மடக்கி நுழைந்து ஏறும் வண்டி நம் வீடுகளுக்கு ஒத்துவருமா? 1960களின் பிற்பகுதியில் சென்னை ஆலை அதையே நான்கு கதவு வண்டியாக மாற்றிக்கொண்டது. 1972இல் வந்த கெசல் காரில் பின்பக்க அமைப்பையே மாற்றி, நம் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த ஒற்றை ஆக்ஸிலைப் போட்டது.

'என்ன இருந்தாலும் இரவல் டிசைன்தானே' என்பார்கள். இரவல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் காரில் ஒரு கதவைக் கூட்டுவது தையல்காரர் சட்டையில் பை வைப்பதுபோல் அல்ல. நடுத்தூண் இடம் மாறும், தகடு அழுத்தும் டை மாறும், கீலும் பூட்டும் மாறும். இதையெல்லாம் செய்யத் தெரிந்த கைகள் இங்கே இருந்தன என்பதற்கு அந்தக் கதவே அத்தாட்சி. போட்டியில்லாத காலத்தில் விற்ற சரக்கு, வேறு வழியில்லாமல் வாங்கினார்கள் என்று இன்னொரு குற்றச்சாட்டு உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. 1985இல் ரோவர் காரின் உடலுக்குள் பழைய வேன்கார்டு காரின் வழிவந்த எஞ்சினை வைத்து வந்த ஸ்டாண்டர்டு 2000 மூன்றே ஆண்டுகளில் நின்றுபோனதும் அந்தக் காலத்தின் சோம்பலுக்குக் கிடைத்த தண்டனைதான். ஆனால் ஆலை போனாலும் தொழில் போகவில்லை. வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டிவிஎஸ் 1961, பிரேக்ஸ் இந்தியா 1962 என்று சென்னையின் பாடிப் பகுதியைச் சுற்றி வரிசையாக எழுந்த உதிரிபாக ஆலைகள் ஹெரால்டின் சமவயதுக்காரர்கள். 1990களில் ஃபோர்டும் ஹூண்டாயும் வந்து இறங்கியபோது, இங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய கைகள் காத்திருந்தன.

2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு தாண்டிய, சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே விண்டேஜ் பதிவு கிடைக்கும். அசலைக் காக்க அந்த விதி தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே அளவுகோலால் வரலாற்றையும் அளந்தால்தான் தவறு. பார்ட்ஸ் கிடைக்காத காலத்தில் லேத்தில் கடைந்த புஷ்ஷும், புதுப்பேட்டையில் தேடிப் பிடித்த கியரும், டிங்கர் வேலையில் தட்டி எடுத்த மட்கார்டும் கொண்ட ஹெரால்டும் மரியாதைக்குரியதே. அடுத்த கண்காட்சியில் ஒரு ஹெரால்டைக் கண்டால், உரிமையாளரிடம் சொல்லிப் பின்கதவைத் திறந்து பாருங்கள். இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டு எதிலும் அந்தக் கதவு கிடையாது.