ஓய்வு பெற்ற காவலன்

வலைத்தளங்களைக் காண உதவும் கருவிக்கு உலாவி என்று பெயர். அதனோடு நாம் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலை நீட்சி என்பர். அத்தகைய நீட்சியொன்றின் வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

1990-ஆம் ஆண்டில், ஜெனிவாவை அடுத்த செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியை உருவாக்கினார். அறிவியலார் தம் ஆய்வுச் செய்திகளைப் பகிர்ந்துகொள்வதே அன்றைய நோக்கம். ஆதலால் செய்திகள் அஞ்சலட்டையைப்போல் வெளிப்படையாகவே சென்றன. பின்னர் வாணிகமும் வலையில் புகுந்தது. 1990-களின் நடுப்பகுதியில் நெட்ஸ்கேப் நிறுவனம் செய்தியை மறைமொழியாக்கி அனுப்பும் முறையை வகுத்தது. ‘எச்.டி.டி.பி.எஸ்.’ எனத் தொடங்கும் முகவரி அதன் அடையாளம். எனினும் பல தளங்கள் கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு, ஏனையவற்றைத் திறந்தே வைத்திருந்தன.

2010 ஜூன் திங்களில், எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனும் டோர் திட்டத்தினரும் ‘எச்.டி.டி.பி.எஸ். எவ்ரிவேர்’ என்னும் நீட்சியை ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கென வெளியிட்டனர். பாதுகாப்பான வழி உள்ள தளங்களில் உலாவியை அவ்வழியே செலுத்துவது அதன் பணி. அவ்வாண்டு அக்டோபரில் எரிக் பட்லர் என்பார் அதே உலாவிக்கு ‘ஃபயர்ஷீப்’ என்ற நீட்சியை வெளியிட்டார். பூட்டில்லாத பொது வைஃபையில் அருகிலிருப்பவரின் கணக்கினுள் எவரும் எளிதில் நுழையலாம் என்பதை அது மெய்ப்பித்தது. தளங்களின் குறையை உலகறியச் செய்வதே அவர் கருத்து. அச்செய்தியைப் படித்த அன்றே நான் முந்தைய காவலனை என் கணினியில் அமர்த்திக்கொண்டேன்.

அதன்பின் நிலைமை மாறிற்று. தளங்களுக்கு வேண்டிய சான்றிதழை ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு 2015 முதல் இலவசமாக வழங்கலாயிற்று. 2018-இல் குரோம் உலாவி பூட்டில்லாத தளங்களைப் ‘பாதுகாப்பற்றவை’ என்று சுட்டத் தொடங்கியது. 2020-இல் ஃபயர்ஃபாக்ஸ், பாதுகாப்பான வழியில் மட்டுமே செல்லும் வசதியைத் தன்னுள்ளேயே அமைத்தது. காவலனின் பணியை உலாவியே ஏற்றுக்கொண்டதன்றோ? 2023 ஜனவரியில் அந்நீட்சி ஓய்வு பெற்றது. தான் தேவைப்படாத நிலையை அடைந்ததே அதன் வெற்றியாகும்.

ஆயினும் ஒன்றை மறவாதீர். காவலனும் கன்னக்கோலும் ஒரே வாயில் வழியாகவே வந்தன. நாம் காணும் பக்கங்கள் அனைத்தையும் படிக்க உரிமை கேட்கும் நீட்சிகள் இன்றும் பல உள. உரிமை தருவது வீட்டுச் சாவியைத் தருவதற்கு ஒப்பாகும். ஆகவே, கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று ஆராய்ந்த பின்னரே தருக.